மீன் பெட்டியின் மேல் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகச் சுங்கப் பட்டியலில் 0301.11 என்றொரு எண் இருக்கிறது. உயிருள்ள நன்னீர் அலங்கார மீன் என்பது அதன் பொருள். பண்ணைக் குளத்தில் பிறந்த கப்பியும் அதற்குள்தான். அமேசான் காட்டு ஓடையில் கைவலையில் விழுந்த டெட்ராவும் அதற்குள்தான். 5,000-க்கும் மேற்பட்ட நன்னீர் இனங்கள் இந்தச் சந்தையில் கைமாறுகின்றன. எல்லை தாண்டும்போது அத்தனையும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. எடையை வைத்தாவது ஏதாவது புரியுமா என்றால் அதுவும் இல்லை. பெட்டியைத் தூக்கும்போது கனப்பது மீனல்ல, தண்ணீர்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. மீன் அடைத்த ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: மீனின் அறிவியல் பெயர்; ஆற்றில் பிடித்ததா பண்ணையில் பிறந்ததா என்பது; எந்த ஆறு அல்லது எந்த நாட்டுப் பண்ணை என்பது; பொதி கட்டிய நாளும் நேரமும். இந்த நான்கும் கடைத் தொட்டி வரைக்கும் மீனோடு சேர்ந்து போக வேண்டும். வழியில் மீன் சாவதாகட்டும், நோய் பரவுவதாகட்டும், ஓர் ஆற்றின் அரிய இனம் காலியாவதாகட்டும், காரணத்தைத் தேடிப் போனால் இந்த நான்கில் ஒன்று எழுதப்படாமல் விடுபட்ட இடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நியான் டெட்ராவையும் கார்டினல் டெட்ராவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நியானின் சிவப்புப் பட்டை வயிற்றின் நடுவில் தொடங்கி வாலுக்குப் போகும். கார்டினலில் அது செவுளை ஒட்டித் தொடங்கி உடல் நெடுக ஓடும். வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். வந்த வழியோ வேறு வேறு. விற்பனைக்கு வரும் நியான் இன்று ஏறக்குறைய முழுவதும் பண்ணை மீன். கார்டினலோ பல பத்தாண்டுகளாகப் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில், பார்செலோஸ் ஊரைச் சுற்றியுள்ள வெள்ளக்காடுகளில் பிடிபட்டு, மனாவுஸ் வழியாக உலகெங்கும் போகிறது. வெள்ளம் வடியும் பருவத்தில் குட்டைகளில் ஒதுங்கிப்போகும் இந்தச் சின்ன மீன்களில் பெரும்பாலானவை அடுத்த வெள்ளத்தைப் பார்ப்பதில்லை. காட்டில் அதன் ஆயுள் பெரும்பாலும் ஒரு வருடச் சுற்றுதான். அளவோடு பிடித்தால் அந்த இனத்துக்குக் கேடில்லை. பிடிக்கும் குடும்பங்களுக்கோ காட்டை வெட்டாமல் பிழைக்க அது ஒரு வழி. அங்கே 1989-இல் தொடங்கிய பியாபா என்ற பாதுகாப்புத் திட்டம், 'ஒரு மீனை வாங்கு, ஒரு மரத்தைக் காப்பாற்று' என்று சொல்லிவருவது இதனால்தான். இப்போது கார்டினலும் பண்ணைகளில் பெருகுகிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தொட்டியின் மேல் 'கார்டினல்' என்று மட்டும் ஒட்டியிருந்தால், ஆற்று மீனைத்தான் வாங்குவேன் என்று முடிவோடு வருகிறவருக்கு வழியே கிடையாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் 'மிஸ் கேரளா' என்கிற டெனிசன் பார்புக்கு இதே நியாயத்தைப் பொருத்தினால் பெரும் தவறாகிவிடும். அது சில ஆறுகளில் மட்டும் வாழ்கிறது. கூட்டமாக ஒரே மடுவில் நிற்கும் பழக்கமுள்ளது. எனவே விவரம் தெரிந்த ஒருவர் நாலு வீச்சு வலை போட்டால் ஒரு மடுவே வெறுமையாகிவிடும். அழியும் அபாயத்தில் உள்ள இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) செம்பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. ஹார்மோன் ஊசி போட்டு அதைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறை கைக்கு வந்துவிட்டது. அங்கே பண்ணை மீனைக் கேட்டு வாங்குவதே சரி. தாய்லாந்தின் சிவப்பு வால் ஷார்க் (பெயரில் மட்டும்தான் சுறா) இன்னும் ஒரு படி மேலே: ஆறுகளில் அதைக் காண்பதே அபூர்வம், கடைகளில் இருப்பவை பண்ணையில் ஊசி போட்டுப் பெருக்கியவை. ஆகவே 'காட்டு மீன் கெட்டது, பண்ணை மீன் நல்லது' என்று ஒரே வாக்கியத்தில் முடிக்க முடியாது. எந்த மீன், எந்த ஆறு என்று தெரிந்தால்தான் பேசவே முடியும்.

வெள்ளி அரோவானாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். மஞ்சள்கருப் பை இன்னும் வயிற்றில் தொங்கும் அந்தக் குஞ்சுகளுக்குத்தான் சந்தையில் கிராக்கி. அவற்றை எடுக்க அமேசானின் பல பகுதிகளில் தகப்பன் மீனையே கொன்றுவிடுகிறார்கள். 'அரோவானா குஞ்சு' என்று மட்டும் எழுதிய பெட்டியிலிருந்து இது யாருக்குத் தெரியும்?

பிறப்பிடத்தை மறைப்பது தெரிந்தே நடக்கும் இடமும் உண்டு. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் ஒரு குறிப்பிட்ட நீட்டத்தில் மட்டும் வாழ்வது வரிக்குதிரை பிளெக்கோ. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட, விரல் நீளக் கெளுத்தி. ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். பெலோ மோன்டே அணை அந்த நீட்டத்தின் தண்ணீரையே திருப்பிவிட்டது. பிரேசில் ஏற்றுமதியைத் தடுத்த பிறகும், எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு வேறு நாட்டு மீனாக அது வெளியேறிக்கொண்டிருந்தது. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்க்க 2022-இல் முடிவானது. ஆசிய அரோவானா 1975 முதலே, இன்னும் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடம்பில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழும் இருந்தால்தான் அதை நாடு விட்டு நாடு விற்கலாம். மூன்று சென்டிமீட்டர் டெட்ராவுக்கு சிப் வைக்கச் சொல்லவில்லை. பெட்டிக்கு ஒரு சீட்டு போதும் என்கிறோம்.

'ஏற்றுமதி செய்த நாடு' என்பதைப் பிறப்பிடம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். சிங்கப்பூர் போன்ற மையங்களில் பல நாட்டு மீன்கள் இறங்கி, தேறி, தரம் பிரிந்து, மறுபடியும் பொதியாகின்றன. அந்தத் தேறும் நாள்கள் மீனுக்கு நல்லவை. ஆனால் மூன்று நாட்டு மீன் ஒரே சுழற்சித் தண்ணீரில் நின்றுவிட்டு வெளியேறும்போது, மூன்றுக்கும் அந்த மையத்தின் பெயரே ஒட்டிக்கொள்கிறது. நோய் தேடுபவருக்கு அங்கேயே தடம் அறுந்துவிடும்.

இனி நேரம். மீனின் உயிர் இதில்தான் தொங்குகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

பொதி கட்டுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்த மீன் பைக்குள்ளேயே கழியும். அந்தக் கழிவு அழுக அழுக ஆக்சிஜன் குறைந்து அம்மோனியா ஏறும். பட்டினி கிடக்கும் மீனும் செவுள் வழியே அம்மோனியா விடும்தான், ஆனால் வெகுவாகக் குறைத்து விடும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். மீனை விட்டதும் பையை நீர்மட்டம் வரை அமுக்கி உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் சிலிண்டரைத் திறக்க வேண்டும். காற்றின் மேலேயே ஆக்சிஜனை அடித்தால் பாதிப் பை நைட்ரஜன்தான் பயணம் போகும். விமானத்தில் அழுத்தம் குறையும்போது பை உப்பும். எனவே பந்து போல விம்ம அடைக்காமல், விரலால் அழுத்தினால் சற்று உள்ளே போகிற மாதிரி நிறுத்தி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்டு போட வேண்டும்.

பையின் அடிமூலையைப் பலர் கவனிப்பதில்லை. குட்டி மீன்கள் அந்த மடிப்புக்குள் ஒதுங்கி, பெட்டி ஆடும்போது நசுங்கிச் சாகும். இரண்டு மூலைகளையும் திருகி ரப்பர் பேண்டு போட்டுவிடலாம். அல்லது கட்டிய பையைத் தலைகீழாக இரண்டாவது பைக்குள் இறக்கிக் கட்டினால் மூலையே இல்லாமல் போகும். முள் உள்ள கெளுத்திகளுக்கு இரண்டு பை போதாது. மூன்றாவது வேண்டும், நடுவில் செய்தித்தாள் சுற்று வேண்டும். கோரிடோரஸ் கெளுத்திக்கு இன்னொரு சங்கடம்: மிரண்டால் நஞ்சு சுரக்கும். பிடித்த கையோடு பைக்குள் போட்டால் தன் நஞ்சிலேயே பை முழுக்கச் செத்து மிதக்கும். முதலில் ஒரு வாளியில் விட்டுச் சற்று நேரம் பொறுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் கட்டுவதுதான் வழி. ஃபைட்டர் ஆண் மீன் ஒவ்வொன்றுக்கும் தனிப் பை. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் சாதாரணக் காற்றே போதும். பக்கத்துப் பை மீனைப் பார்த்துச் சிலிர்த்துக் களைத்துப் போகாமல் இருக்க இடையில் காகிதம் வைக்க வேண்டும்.

தண்ணீரில் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு சேர்ப்பது வீண் சடங்கல்ல. நன்னீர் மீனின் ரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பானது. பிடிபட்டு மிரண்ட மீனின் செவுளிலிருந்து அந்த உப்பு கசியும். வெளியேயும் கொஞ்சம் உப்பு இருந்தால் கசிவு குறையும். தெர்மாகோல் பெட்டிக்குள் 22 முதல் 24 டிகிரி இருந்தால் பெரும்பாலான வெப்பநாட்டு மீன்கள் மூச்சைச் சிக்கனப்படுத்தும். டிஸ்கஸ் மீனுக்கு இந்தக் குளிர் ஆகாது. ஐஸ் பாக்கெட்டைக் காகிதத்தில் சுற்றி மூடியின் அடியில் ஒட்ட வேண்டும். பையின் மேலேயே வைத்தால் அந்த ஒரு பை மட்டும் விறைத்துப் போகும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பெட்டியில்கூட, பிரித்த பிறகு மீன் சாவதுண்டு. காரணம் பையின் வேதியியல். மீன் விடும் கார்பன் டைஆக்சைடு தண்ணீரில் கரைந்து கொண்டே இருப்பதால், 7.5 பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு; குறைந்தால் அமிலம் கூடும்) அளவில் கட்டிய பை 40 மணி நேரத்தில் 6.5-க்கு இறங்கியிருக்கும். இந்த இறக்கம் மீனுக்கு நன்மை. அம்மோனியாவில் நஞ்சான பகுதி எவ்வளவு என்பதை பிஎச் தான் தீர்மானிக்கிறது. 25 டிகிரியில், 6.5 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.18 விழுக்காடு, 7.5 என்றால் 1.8 விழுக்காடு, 8 என்றால் 5 விழுக்காட்டுக்கு மேல். பையில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அம்மோனியா சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடிய பையில் நஞ்சு 0.018 மில்லிகிராம்தான், மீன் தாக்குப்பிடிக்கும். ரப்பர் பேண்டை அவிழ்த்ததும் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும். 7.5-க்கு வந்தால் நஞ்சு 0.18 மில்லிகிராம். பத்து மடங்கு. 0.05-ஐத் தாண்டினாலே செவுள் கருகத் தொடங்கும்.

இதனால்தான், பையைத் திறந்து வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டுப் பழக்குவது நீண்ட பயணம் வந்த மீனுக்குக் கேடாகிறது. அக்கறையோடு செய்வதாக நினைத்தே பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து அரை மணி நேரத்தில் வந்த பைக்கு அந்த முறை சரி. 40 மணி நேரப் பைக்கு வேறு முறை வேண்டும். விளக்கை அணைத்து, மூடிய பையை 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையை மட்டும் சமப்படுத்துங்கள். பிஎச் 6.5-க்கும் 7-க்கும் இடையில், லேசான உப்போடு ஒரு வரவேற்புத் தொட்டியை முன்பே தயாராக வையுங்கள். ஒரு பையைத் திறந்ததும் வலையில் வடித்து உடனே மீனைத் தொட்டிக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த பையைத் தொட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது. பிளீச்சிங் கலந்து வைத்த பிறகே அதைச் சாக்கடையில் ஊற்ற வேண்டும். முதல் 24 மணி நேரம் தீவனம் வேண்டாம். பிறகு சில நாள்களில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வழக்கமான பிஎச் அளவுக்குக் கொண்டுவரலாம்.

இரண்டு முறைகளில் எதைப் பின்பற்றுவது என்பதை முடிவு செய்வது ஒரே விவரம்தான்: பை கட்டி எத்தனை மணி நேரமாகிறது? அதைத்தான் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. இறக்குமதி செய்பவருக்கு விமானம் கிளம்பிய நேரம் தெரியும். அதற்கு முன் பை கிடங்கில் கிடந்த நேரம் தெரியாது. கடைக்காரருக்கு அதுவும் தெரியாது. பெட்டியில் உயிரோடு வந்த மீன் ஐந்தாம் நாள் தொட்டியில் செத்தால், கடைசியாக விற்றவர் தலையில் பழி விழுகிறது. செவுள் வெந்தது அதற்கு முன்பே.

நோயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2003-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணையில் மர்ரே காட் என்ற உணவு மீன்கள் வைரஸ் தாக்கி மடிந்தன. அந்த வைரஸின் மரபணு, அலங்காரக் குள்ளக் கௌராமியில் காணப்படும் வைரஸோடு ஏறக்குறைய அப்படியே ஒத்திருந்தது. அலங்கார மீன் என்பது தொட்டியோடு முடிகிற விஷயமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கோல்டு ஃபிஷ்ஷுக்கு 21 நாள், கௌராமிக்கும் சிக்லிட்டுக்கும் 14 நாள், மற்றவற்றுக்கு 7 நாள் என்று அந்நாடு தனிமைப்படுத்தும் காலத்தை இனவாரியாக வகுத்திருந்தது. இனப் பெயர் சரியாக இருந்தால்தான் இப்படிப்பட்ட விதிக்கே பொருள் உண்டு. சில வைரஸ்கள் அறிகுறியே காட்டாமல் மீனுக்குள் கிடக்கும் என்பதால், நோய் வெளிப்பட்ட பின் அதே பண்ணைத் தொகுதி வேறு எங்கெல்லாம் போனது என்று தேடவும் பெட்டிச் சீட்டு வேண்டும். 2021 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளில் அலங்காரப் பாசி உருண்டைகளுக்குள் வரிக்குதிரை மட்டிகள் ஒளிந்திருந்தது தெரியவந்தபோது, அவற்றைக் கடைகளிலிருந்து அகற்றுவதோடு, சரக்கு வந்த வழியையும் தேட வேண்டியிருந்தது.

சாயம் ஊசி போட்ட கண்ணாடி மீனையும், ஹார்மோன் தீவனத்தால் நேரத்துக்கு முன் நிறம் ஏற்றிய சிக்லிட்டையும் விற்பதை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதே எங்கள் கருத்து. சாயமும் நிறமும் நாளடைவில் வடிந்துவிடும்; ஊசிக் காயத்தின் வழியே நோய் புகும்.

சீட்டில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்க இடமிருந்தால், முழு வளர்ச்சியில் மீனின் நீளத்தை எழுதலாம். ஐந்து சென்டிமீட்டர் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் கெளுத்தி 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாதபோது ஆற்றில் விடுகிறார்கள். அது கரையைத் துளைத்து வளை தோண்டி, பல நாடுகளின் நீர்நிலைகளில் நிலைகொண்டுவிட்டது.

நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள். இந்த விவரங்கள் ஏற்கெனவே தாளில் இருக்கின்றன. ஏற்றுமதியாளரின் பேக்கிங் பட்டியலில் பெட்டி எண், இனம், அளவு, பைக்கு எத்தனை என்பதெல்லாம் உண்டு. விமான நிறுவனத்துக்குத் தரும் உறுதிமொழியில் அறிவியல் பெயரும் உண்டு. இறக்குமதிக் கிடங்கில் பெட்டியைப் பிரித்ததும் அந்தத் தாள் கோப்புக்குள் போகிறது, மீன் பெயரில்லாமல் வெளியேறுகிறது. பெயர் வைக்கப்படாத இனங்களை என்ன செய்வது என்று கேட்டால், அதற்கும் இத்தொழிலே வழி கண்டிருக்கிறது. பெயரிடப்படாத பிளெக்கோக்களுக்கு 1988-இல் ஒரு ஜெர்மன் மீன் இதழ் எல்-எண் கொடுக்கத் தொடங்கியது. படமும் பிடிபட்ட இடமும் சேர்ந்த எண் அது. வரிக்குதிரை பிளெக்கோவின் எல்-046 என்ற எண்ணைச் சொன்னால் இன்றைக்கும் எந்த நாட்டு வியாபாரிக்கும் புரியும்.

சீட்டு ஈரத்தில் கரையாத தாளில் இருக்கட்டும். தெர்மாகோல் மூடியின் உட்புறம் ஒன்று, வெளி அட்டைப்பெட்டியில் ஒன்று. மறுபடி பொதி கட்டும் மையம், பழைய சீட்டை அகற்றாமல் தன் தேதியை அதன் கீழே சேர்க்க வேண்டும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும். இல்லையென்றால் மனாவுஸில் மாலை கட்டிய பையும் பாங்காக்கில் மாலை கட்டிய பையும் சீட்டில் ஒரே நேரம் காட்டும்; உண்மையில் இரண்டுக்கும் இடையே 11 மணி நேரம் இருக்கும். பையைத் திறக்கும் முறையையே மாற்றிவிட அந்த வித்தியாசம் போதும்.

இப்படிக்கு,
அலங்கார மீன் வளர்ப்பிலும் பொதி கட்டுவதிலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்